மாமன் மடி

வந்துவிடுவான், வந்துவிடுவான் என்று காலையிலிருந்து ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய்க்கு வாடகையா கொடுக்கிறார்கள். சங்கரேஸ்வரி பொங்கல் பானைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எரிகிற விறகை இன்னும் உள்ளே தள்ளினாள். தள்ள வேண்டிய அவசியமே இல்லை, அது பாட்டுக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. கை சும்மா இருந்தால் புத்தி எழுந்து ரோட்டுப் பக்கம் போய்விடுகிறது. மாடசாமி கோயில் என்று பேர்தான் பெரிது. கரிசல் காட்டுக்கு நடுவில் நாலு வேப்பமரம், ஒரு பீடம், ஒரு தகரக் கொட்டகை. புருஷன் வீட்டுக் குலசாமி. மகள் மிருதுளாவுக்கு இன்றைக்கு இங்கேதான் முடி இறக்கிக் காது குத்து. முடி எடுக்கிறவர் வந்து கத்தியைத் துடைத்து வைத்துவிட்டார், நகை ஆசாரி வந்துவிட்டார், கிடா வந்து மரத்தடியில் வேப்பங்குழை தின்றுகொண்டிருக்கிறது, வேன் நிறைய புருஷன் வீட்டுச் சனம் வந்து இறங்கியாயிற்று. தாய்மாமன்தான் வரவில்லை. தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளை தலையில் கத்தி படக்கூடாது, காதில் ஊசி படக்கூடாது. எவன் வைத்த சட்டமோ. வைத்தவனுக்கு வேல்ராஜ் மாதிரி ஒரு தம்பி இருந்திருக்க மாட்டான்.

‘அவன்தான் இப்ப சரியாயிட்டான்ல, இன்னும் என்னத்துக்குடி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க’ என்று வேனில் வரும்போதே அம்மா காதில் ஓதினாள். சரியாயிட்டான். அந்த வார்த்தையைக் கேட்டாலே சங்கரிக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வரும். யாருக்குச் சரி? காய்ச்சல் வந்து விட்டுப் போன மாதிரியல்லவா பேசுகிறாள். காய்ச்சல்காரன் தன் உடம்பைச் சுட்டுக்கொள்வான், அடுத்தவள் கையில் கிடந்ததை உருவிக்கொண்டு போகமாட்டான். வேல்ராஜ் போனில் சீட்டாடினான். ரம்மி. முதலில் பொழுது போகாமல் ஆடினான், அப்புறம் பொழுது போனதே தெரியாமல் ஆடினான். சோற்றில் கை வைத்துக்கொண்டே ஆடினான், கக்கூஸில் உட்கார்ந்து ஆடினான், அப்பாவின் திதியன்று காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டுக் காக்காய் வருகிற வரைக்கும் மொட்டைமாடியில் நின்று ஆடினான். பார்த்த வேலை போயிற்று, பைக் போயிற்று, அம்மா காதில் கிடந்தது போயிற்று. போனைப் பிடுங்கி உடைத்த பிறகும் அவன் கட்டைவிரல் தொடைமேல் தானாகத் தள்ளிக்கொண்டே கிடந்ததை அவளே பார்த்திருக்கிறாள். அப்புறம் மதுரையில் ஒரு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இப்போது கடலைமிட்டாய்க் கம்பெனியில் வெல்லப்பாகு கிண்டுகிறான். சம்பளத்தை அம்மாவே போய் வாங்கிக்கொள்கிறாள். கையில் பட்டன் போன். வருஷத்துக்கு மேலாகத் தொடவே இல்லையாம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்று சொல்லிவைத்தவர்கள் எல்லாம் மடையர்கள், பெற்றவள் மட்டும் புத்திசாலி. தொடவில்லை என்றால் தொடவில்லை, சந்தோஷம், நல்லா இருக்கட்டும். அதற்காக நான் ஆரத்தியா எடுக்கணும்? திருடாமல் இருக்கிறவனுக்கெல்லாம் மாலை போடுவது என்றால் இந்த ஊரில் பூ பத்தாது. பானையில் தண்ணீர் கொதித்து மேலே வந்தது. அரிசியைக் களைந்து போடச் சொல்லி யாரோ சத்தம் போட்டார்கள். போட்டாள்.

வளையல். அதைத் தொடாமல் நினைப்பு நகர மாட்டேன் என்கிறது, புண் இருக்கிற பல்லையே நாக்கு தேடிப்போகிற மாதிரி. கெட்டி வளையல், ஒரு ஜோடி. மாமியார் சீனியம்மாள் தன் கல்யாணத்தில் போட்டிருந்தது. மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே தன் கையிலிருந்து கழற்றி, சோப்பு நுரை போட்டு வழித்து, இவள் கையில் மாட்டிவிட்டாள். அந்தக் கிழவிக்கு அப்படியொன்றும் தாராள மனசு கிடையாது, மல்லித்தழைக்குக்கூட மார்க்கெட்டையே சுற்றி வருகிறவள். அன்றைக்கு மட்டும் கொடுத்தாள். ஆறாம் மாசம் நடக்கும்போது வேல்ராஜ் வந்தான். வீட்டில் யாரும் இல்லாத மத்தியானமாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறான், அது அப்போது புத்தியில் ஏறவில்லை. சிநேகிதன் செல்போன் கடை போடுகிறானாம், கூட்டாம், இப்போது விட்டால் போச்சாம், கொஞ்ச நாளைக்கு அடகு வைத்து எடுத்துத் தருகிறானாம். முடியாதுடா, இது அத்தையோடது என்றாள். ‘அக்கா, நான் என்னைக்காவது உன்கிட்ட எதுவும் கேட்டிருக்கனா’ என்று கண்ணில் தண்ணீர் வைத்தான். கேட்டதில்லைதான். சின்னதில் பள்ளிக்கூடம் போகையில் இவள் பையையும் சேர்த்துத் தூக்கினவன். கேட்காதவன் கேட்கிறானே என்று மனசு இளகியது. இளகின மனசில் செருப்பால் அடிக்க வேண்டும். அப்புறம்தான் அவன் அதைச் செய்தான். கையை நீட்டி அவள் வயிற்றின் மேல் வைத்தான். ‘உள்ள இருக்கிற பிள்ளை மேல சத்தியம்க்கா. பிறக்கறதுக்கு முன்னாடி உன் கையில இருக்கும்.’ உள்ளே பிள்ளை அந்த நேரம் பார்த்து அசைந்தது. அவன் சிரித்தான், ‘பாரு, மருமக சரிங்குறா’ என்றான். ஒரு வாரம்கூடத் தங்கவில்லை, ரெண்டு வளையலும் சீட்டில் போய்விட்டது. பிள்ளை பிறந்தது, பல் முளைத்தது, நடந்தது, இதோ மூன்று வயசு ஆகப்போகிறது. ஒவ்வொரு தடவை அதற்குக் காய்ச்சல் வரும்போதும் இவளுக்கு வயிற்றில் அந்தக் கை வைத்த இடம்தான் சில்லென்று ஆகும். போன வருஷம் காய்ச்சல் ஏறி, கண் செருகி, வாயில் நுரை தள்ளியபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாளே, ஜன்னி எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான் என்று நர்ஸ் சொல்லியும் அடங்கவில்லையே. பயந்த சுபாவம் என்றார்கள். பொய்ச் சத்தியத்துக்குக் கூலி யார் தலையில் இறங்குகிறது என்று அவளுக்கல்லவா தெரியும். அதே கைதான் இன்றைக்கு இந்தப் பிள்ளையை மடியில் பிடிக்கப்போகிறது. முறையாம், முறை.

அத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மாமியார் கண்ணுக்கு வெறும் கையைக் காட்ட முடியுமா. தம்பி வாங்கிக்கொண்டு போனான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் பிறந்த வீட்டை விட்டுக்கொடுக்காதே என்று தாலி கட்டின அன்றைக்கே காதில் ஊதி அனுப்பியிருக்கிறார்களே. உன் பிறந்த வீட்டுச் சனம் இப்படியா என்று ஒரு சொல் வந்துவிட்டால் ஆயுசுக்கும் அந்தச் சொல் தட்டில் சோறோடு சேர்ந்து விழும். அதனால் ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போன அன்றைக்கு, திரும்பி வந்து வாசலில் நின்று, பஸ் கூட்டத்தில் யாரோ உருவிவிட்டார்கள் என்றாள். என்ன அழகாகச் சொன்னாள். அழுகைகூட வந்தது. அது நிஜ அழுகைதான், எதற்கு என்பதுதான் பொய். வீட்டுக்காரர் பரமகுரு லேத் பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு ஓடிவந்து, ‘போனாப் போகுது, வயித்துல இருக்கிறது நல்லா இருந்தாப் போதும்’ என்றார். அதற்கப்புறம் இன்றைக்கு வரைக்கும் அந்த வளையலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டதுதான் ராத்திரியெல்லாம் அறுக்கிறது. மாமியார் விடுவாளா. மை போட்டுப் பார்க்கிறவனிடம் போனாள். அவன் வெற்றிலையில் மையைத் தடவிப் பார்த்து, கூட வந்தவள், கையைப் பிடித்தவள், நெற்றியில் பெரிய பொட்டு என்று சொல்லிவிட்டான். கூட வந்தது மேலவீட்டு பாக்கியம். பஸ் படியில் ஏறும்போது, பிள்ளைத்தாய்ச்சி விழுந்துவிடக் கூடாதே என்று கையைப் பிடித்தவளும் அவள்தான். மாமியார் நேரே போய் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சை நிறுத்தினாள். தெருவில் நாலு பேரிடம் மையைப் பற்றி மட்டும் சொன்னாள், அது போதாதா. ஊர் வாய்க்கு உலைமூடி கிடையாது. பாக்கியத்தின் மகள் கல்யாணத்துக்கு இந்த வீட்டிலிருந்து ஒருத்தர் போகவில்லை. குழாயடியில் பாக்கியம் ஒருநாள் இவளைப் பார்த்து, ‘நீயுமா சங்கரி அப்படி நினைக்கிற’ என்று கேட்டாள். இவள் குடம் நிறைந்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வந்தாள். பாதிக் குடம்தான் நிறைந்திருந்தது. அந்தப் பாதிக் குடத்துக்கும் வேல்ராஜ்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்வானா? அவனுக்கு பாக்கியம் என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. ஆடினவன் ஆடிவிட்டுக் குணமாகிவிட்டான். ஒருநாள்கூடச் சீட்டைத் தொடாதவள் பொய்யில் மாட்டிக்கொண்டு கிடக்கிறாள்.

போன வாரம் அந்தப் பட்டன் போனிலிருந்து கூப்பிட்டான். குரலே மாறியிருந்தது, சாமியார் குரல். மதுரையில் வாரத்துக்கு ஒருநாள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்களாம். ஒவ்வொருத்தனும் எழுந்து நான் இன்னார், நான் சூதாடி என்று சொல்ல வேண்டுமாம். சொன்னால் மற்றவர்கள் கைதட்டுவார்களாம். யாரையெல்லாம் ஏமாற்றினோமோ அவர்களிடம் போய் உண்மையைச் சொன்னால்தான் பாரம் இறங்குமாம். ‘அத்தான்கிட்டயும் அத்தைகிட்டயும் நான் சொல்லிடறேன்க்கா. எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது.’ இவளுக்குப் பட்டென்று வந்தது. தூக்கம் வரலைன்னா மாத்திரை போடுடா. உனக்குத் தூக்கம் வரணும்னு என் குடியைக் கெடுக்கப் போறியா. வாயைத் திறந்தா நான் கிணத்துல விழுந்த பிணம்னு நினைச்சுக்கோ என்று கத்தினாள். அவன், ‘சரிக்கா’ என்றான். அவன் சரிக்கா என்பதை நம்பலாமா? பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடி என்று சொன்னதும் இதே வாய். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்து உருளுவது இதுதான். அவன் வராமல் போய்விட்டால் சபையில் மானம் போகும், வந்து வாயைத் திறந்துவிட்டால் வீடே போகும். வரக்கூடாது என்று நினைத்தாள். வந்துவிட வேண்டும் என்றும் நினைத்தாள். எங்கேயாவது பஸ் ஸ்டாண்டு மூலையில் எவன் போனையாவது வாங்கி ஆடிக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும், ‘பாத்தியா, சரியாயிட்டான்னு சொன்னியே’ என்று அம்மா முகத்துக்கு நேரே கேட்கலாம் என்று நினைத்தபோது, நெஞ்சுக்குள் ஒரு குஷி வந்தது. நிஜமாகவே வந்தது. தம்பி கெட்டுப்போக வேண்டும் என்று குஷிப்படுகிற இடத்துக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டானே பாவி. பானை பொங்கி வழிந்தது. பொம்பளைகள் எல்லாரும் குலவை போட்டார்கள். இவளும் நாக்கைச் சுழற்றினாள், சத்தம் வரவில்லை.

அந்தக் குலவைக்குள்ளேயே ஆட்டோ வந்து நின்றது. வேல்ராஜ் இறங்கினான். வெள்ளைச் சட்டை, புது வேட்டி, இளைத்துக் கறுத்திருந்தான். ரெண்டு தாம்பாளம் சீர் கொண்டுவந்திருந்தான். பழம், தேங்காய், பட்டுப் பாவாடை, மாலை, நடுவில் சின்னச் சிவப்பு டப்பாவில் தோடு. பரமகுரு எழுந்து போய், ‘வா மாப்ள’ என்று தட்டை வாங்கினார். இந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது. சீட்டாடினான் என்று தெரியும், மையத்தில் சேர்த்தது தெரியும், அது எல்லார் வீட்டிலும் இருக்கிற தலைவலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வளையலுக்கும் சீட்டுக்கும் நடுவில் தன் பெண்டாட்டி நிற்கிறாள் என்று தெரியாது. வேல்ராஜ் அவளைப் பார்த்தான். ‘பஸ் பஞ்சராயிருச்சுக்கா, பாதி தூரம் நின்னுதான்...’ என்று ஆரம்பித்தான். நான் கேட்டேனா? கேட்காத கேள்விக்கு எதற்கு இவ்வளவு நீளமாகப் பதில்? பஞ்சர் என்றால் கையில் தூசி இருக்குமா, டிக்கெட் வைத்திருப்பானா, சட்டைப் பைக்குள் அந்த எடுப்பு என்ன, பட்டன் போனா வேறயா என்று அவள் கண் அவன் உடம்பெல்லாம் தடவிச் சோதனை போட்டது. அவன் நின்ற இடத்திலேயே கையை லேசாக விரித்துக் காட்டுகிற மாதிரி நின்றான். பழகிவிட்டிருக்கிறது, அவனுக்கும். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பாவமாக நிற்காதேடா. உன் பாவத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் இந்தக் கதிக்கு வந்தேன்.

பிள்ளையை அவன் மடியில் வைத்தார்கள். இந்தச் சின்னக் கழுதை என்னவோ பிறந்ததிலிருந்து அவன் மடியிலேயே கிடந்த மாதிரி போய் ஒட்டிக்கொண்டது. பத்துத் தடவை பார்த்திருக்குமா அவனை? தண்ணீர் தெளித்து முன்னந்தலையில் கத்தி வைத்ததும் வாயைக் கோணியது. அவன் குனிந்து காதில் ஏதோ சொன்னான், சட்டைப் பைக்குள்ளிருந்து கடலைமிட்டாய் எடுத்துக் கையில் கொடுத்தான். ஓஹோ, எடுப்பு அதுதானா. பிள்ளை மிட்டாயைக் கடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தது. முடி சுருள் சுருளாக அவன் வேட்டியில் விழுந்தது. அவன் கையில் பாகு தெறித்த தழும்புகள், புதுசும் பழசுமாக. அந்தக் கட்டைவிரல் பிள்ளையின் முதுகில் கிடந்தது. சங்கரி அதையே பார்த்தாள். அசைகிறதா? அசைகிறது. தட்டிக்கொடுக்கிறானா, தள்ளுகிறானா? மேலும் கீழும் போகிறது. தட்டிக்கொடுக்கிறான். இல்லை, தள்ளுகிறான். நாலு பேர் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கிற இடத்தில் நின்று ஒருத்தனுடைய கட்டைவிரலை முறைத்துக்கொண்டிருக்கிறாள். இப்படி ஒரு பிழைப்பு. வீட்டிலும் இதுதான் கதை. அம்மா போனில் அவன் ராத்திரி கடைக்குப் போயிருக்கிறான் என்றால் எந்தக் கடை, எவ்வளவு நேரம், திரும்பி வந்ததும் பேசச் சொல்லு. அவன் சிரித்தால் ஜெயித்துவிட்டானோ, சிரிக்காவிட்டால் தோற்றுவிட்டானோ. அவன் விட்டுவிட்டான், நான் பிடித்துக்கொண்டேன் போலிருக்கிறது. மொட்டைத்தலையில் சந்தனம் பூசி, குளிப்பாட்டி, பட்டுப் பாவாடை கட்டி மறுபடியும் அவன் மடிக்கே கொண்டுவந்து வைத்தாயிற்று.

ஆசாரி சப்பணமிட்டு எதிரே உட்கார்ந்தார். சிவப்பு டப்பாவைத் திறந்து தோட்டை எடுத்து உள்ளங்கையில் போட்டு ஒரு நிமிஷம் வைத்திருந்தார். சங்கரி தோட்டைப் பார்க்கவில்லை, ஆசாரி முகத்தைப் பார்த்தாள். பித்தளையாக இருந்தால் அந்த முகத்தில் தெரிந்துவிடும். ஒன்றும் தெரியவில்லை. தங்கம்தான். தங்கமாக இருந்ததில் நிம்மதியும் வந்தது, எரிச்சலும் வந்தது. ரெண்டு காதிலும் சந்தனப் பொட்டு வைத்து அளவு பார்த்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வலது காதில் சட்டென்று குத்திவிட்டார். பிள்ளை மூச்சைப் பிடித்து, அப்புறம் காடே அதிர வீறிட்டது. மொட்டைத்தலையை அங்கேயும் இங்கேயும் ஆட்டியது. குலவை, சிரிப்பு, ஆச்சு ஆச்சு கண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். ஆசாரி இடது காதுத் தோட்டை நீட்டி, ‘இதைக் கொஞ்சம் பிடிம்மா, திருகாணியைத் துடைச்சுக்கறேன்’ என்று சங்கரி பக்கம் கையைக் கொண்டுவந்தார். மாமியார் குறுக்கே விழுந்து வாங்கிக்கொண்டாள். ‘அவ கையில குடுக்காதீரு ஆசாரி. பஸ்ஸுல விட்டுட்டு வந்துருவா.’ எல்லாரும் சிரித்தார்கள். வருஷக்கணக்காகச் சிரிக்கிற சிரிப்புதான். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், காய்கறிக் கடையில் எல்லா இடத்திலும் இது ஓடும். சங்கரியும் சேர்ந்து சிரிக்கப் பழகியிருந்தாள். இன்றைக்கும் உதட்டை விரித்தாள்.

‘அத்தை.’ வேல்ராஜ்தான். அவள் அவன் கண்ணைத் தேடினாள், வேண்டாம்டா என்று தலையை ஆட்டினாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. ‘அந்த வளையல் பஸ்ஸுல தொலையல அத்தை. நான்தான் அக்காகிட்ட பொய் சொல்லி வாங்கிட்டுப் போனேன். சீட்டாடித் தோத்துட்டேன். அக்கா மேல தப்பில்லை. என்னைக் காப்பாத்தத்தான் அது பொய் சொல்லுச்சு.’ மனப்பாடம் பண்ணின மாதிரி ஒரே மூச்சில் சொன்னான். மதுரையில் வட்டத்தில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்திருப்பான். சொல்லி முடித்ததும் அவன் தோள் ரெண்டும் இறங்கியதை அவள் கண்ணால் பார்த்தாள். மூச்சு விட்டான். இறக்கிவிட்டான். எங்கே இறக்கினான்? அவள் தலையில். கேட்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல், வளையலைக் கேட்டபோதாவது கேட்டான், இதைக் கேட்கக்கூட இல்லை. பிள்ளை மட்டும் கத்திக்கொண்டிருந்தது. யாரும் அதைச் சமாதானப்படுத்தவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பரமகுரு வேல்ராஜைப் பார்க்கவில்லை. சங்கரியைப் பார்த்தார்.

‘உனக்குத் தெரியுமா?’ என்று கேட்டார். என்ன கேள்வி இது. தெரியாமலா கழற்றிக் கொடுத்தாள். இருந்தாலும் அவள் வாயிலிருந்து வர வேண்டும் அவருக்கு. ‘தெரியும்’ என்றாள். மாமியார் தோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றாள். இதோ வரப்போகிறது, பிறந்த வீட்டில் ஆரம்பித்து ஏழு தலைமுறையையும் இழுக்கப் போகிறாள் என்று சங்கரி பல்லைக் கடித்தாள். கிழவி ஒன்றையும் இழுக்கவில்லை. ‘அப்ப பாக்கியம்?’ என்றாள். சத்தமே இல்லாமல் கேட்டாள். ‘அவ மக கல்யாணத்துக்குக்கூட நான் போகலையே. பத்திரிகையை வாசல்லயே வச்சு வாங்கினேனே.’ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வசவு வந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். பரமகுருவின் அண்ணன் முன்னால் வந்து, ‘எந்திரிடா. பிள்ளையைக் குடு. உன் மடியும் வேண்டாம், உன் சீரும் வேண்டாம்’ என்று கையை நீட்டினார். வேல்ராஜ் எழுந்திருக்கப் பார்த்தான். அதைப் பார்த்ததும்தான் சங்கரிக்கு முழுசாகத் தீப்பிடித்தது. எழுந்துவிடுவானா? சொல்வதைச் சொல்லிவிட்டு, இந்தச் சாக்கில் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, கை வீசிக்கொண்டு போய் அடுத்த வாரம் மதுரையில் கைதட்டு வாங்கப் போகிறானா?

‘உக்காருடா’ என்றாள். அவளுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. ‘அவன் மடியிலேயே இருக்கட்டும் மச்சான். இன்னொரு காது பாக்கி இருக்கு.’ பரமகுருவின் அண்ணன், இவள் யார் சொல்வதற்கு என்பது போலத் தம்பியைப் பார்த்தார். பரமகுரு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மாமியார் கையிலிருந்து தோட்டை எடுத்து ஆசாரியிடம் கொடுத்துவிட்டு வேல்ராஜுக்கு எதிரே மண்டி போட்டாள். ‘தலையைப் பிடி. அப்படி இல்லை, ரெண்டு கையாலயும் பிடி. ஆடிச்சு, காது கிழிஞ்சிச்சு, உன்னை இங்கயே வெட்டிப் போட்டுருவேன்.’ அவன் பிடித்தான். குழந்தையின் மொட்டைத்தலை சந்தனத்தில் வழுக்கியது. சனியன், பிடிக்கக்கூட வக்கில்லை. அவள் அவன் கைகளின் மேல் தன் கைகளை வைத்து அழுத்தினாள். பாகு சுட்ட தோல் சொரசொரவென்று இருந்தது. அவனைத் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று ஒரு நினைப்பு வந்தது, அதை உள்ளே விடவில்லை. ஆசாரி குத்தினார். பிள்ளை கத்திய கத்தில் கிடாயும் சேர்ந்து கத்தியது. முடிந்தது. கை தானாகப் பிள்ளையை வாங்கப் போனது. அது இவளைப் பார்க்காமல் திரும்பி அவன் சட்டையைப் பிடித்து, அவன் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பியது. இத்தனைக்கும் காரணமானவன் மேல் போய் விழுந்து அழுகிறதே, இதற்கும் என் புத்திதான் வாய்த்திருக்கிறது. பிடுங்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று விட்டாள்.

கூட்டம் கொட்டகைப் பக்கம் போய்விட்டது. மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். கிடா வெட்டுவதா வேண்டாமா என்று அங்கே ஏதோ குசுகுசுவென்று பேச்சு நடந்தது. பரமகுரு வேப்பமரத்தடிக்கு வந்து அவள் பக்கத்தில் நின்றார். கோபமாக இருந்தால் தேவலை. கத்தினால், ஓங்கி ஒன்று விட்டால்கூட இப்போது வாங்கிக்கொள்வாள். அவர் ரொம்ப மெதுவாக, பட்டறையில் இரும்பை அளந்து பார்க்கிற நிதானத்தில் கேட்டார். ‘இது போக வேற ஏதாவது இருக்கா?’

‘இல்லை’ என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கண், வாய், கழுத்து, பிசைந்துகொண்டிருந்த கை, எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு மறுபடியும் கண்ணுக்கு வந்தார். ‘நிஜமாவா?’ என்றார். நிஜமாகத்தான் வேறொன்றும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் இப்போது போய்விட்டது. ஆனால் இல்லை என்பதை எப்படிக் காட்டுவது? இருப்பதை எடுத்து நீட்டலாம், இல்லாததை எங்கேயிருந்து எடுத்து நீட்டுவது. இன்னும் நீளமாகச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. சத்தியமாங்க, சாமி முன்னாடி நிக்கிறேங்க, பிள்ளை... அந்த இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ‘நிஜமாத்தான்’ என்று மட்டும் சொன்னாள். ‘ம்’ என்றார். அந்த ம்-மில் ஒன்றும் இல்லை. நம்பினேன் என்றும் இல்லை, நம்பவில்லை என்றும் இல்லை. அவர் திரும்பிக் கொட்டகைக்குப் போனார். நாளைக்கு அவள் கடைக்குப் போய்விட்டு வர நேரமானால் இதே ம் வரும். அம்மாவுடன் போனில் பேசினால் வரும். பீரோச் சாவியைத் தேடினால் வரும். எத்தனை நாளைக்கு? அவளைப் போலத்தானே அவரும். அவள் தம்பி மேல் எத்தனை நாள் கண் வைத்திருந்தாளோ அத்தனை நாளைக்கு.

பீடத்துக்குப் பின்னால் ஒரு கல்லில் வேல்ராஜ் உட்கார்ந்திருந்தான். பிள்ளை அவன் தோளில் வாயைத் திறந்து தூங்கிப்போயிருந்தது, ரெண்டு காதும் சிவந்து தடித்திருந்தன. அவனை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. அவளையும் கூப்பிடவில்லை. அவள் போய் அவன் முன்னால் நின்றாள்.

‘இப்பத் தூக்கம் வருமாடா உனக்கு?’

அவன் தலையைத் தூக்கினான். ‘அக்கா, நான் வந்து...’

‘பேசாத. ஒரு வார்த்தை பேசினா அறைஞ்சிருவேன்.’ கொட்டகையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். வெயில் கரிசலில் ஏறிக் கால் சுட்டது. நிழல் அந்தக் கல்லில் மட்டும்தான் இருந்தது.

‘தள்ளி உக்காரு’ என்றாள்.